இன்னும் ஆகாத நான்கு மணி

சொல்லிக்கொண்டு போவதில்லை நாங்கள்.
அதனால் காலை ஐந்து நாற்பதுக்கு,
பனி வாரும் வண்டி இன்னும் வராத வளாகத்தில்
என் காரின் தடம்தான் முதல் தடம்.
கதவைத் திறந்தவள் என் கழுத்தட்டையைப் பார்த்தாள்.
உள்ளே திரும்பி, "மாநிலம்" என்றாள்,
தீப்பிடித்த செய்தியைத்
தாழ்ந்த குரலில் சொல்வதுபோல.

வடக்கு மேயின். கனடா எல்லைக்கு இருபது மைல்.
நாற்பத்தாறு கட்டில்கள்.
எலுமிச்சை வாசனை தூக்கலாக இருந்தால்
முதல் குறிப்பை எடுப்பது என் மூக்கு.

குழாய் வெந்நீரில் வெப்பமானி.
குளிர்பெட்டிக்குள் பெயர் ஒட்டாத ஓர் இன்சுலின் குப்பி.
பின்கதவைத் தள்ளினால் அலாரம் அலறுகிறது, நல்லது.
கூப்பிட்டால் வருகிறார்களா என்று கேட்டால்
எல்லோரும் "தங்கமானவர்கள்" என்கிறார்கள்.
நாளைக்கும் அந்தக் கையிலிருந்துதானே
கரண்டி வாய்க்கு வரவேண்டும்.

பதினான்காம் அறை. க்ளோவிஸ் ஊலெட்.
உருளைக்கிழங்கு கொள்முதலுக்கு வந்தவள் என்று
என்னை நினைத்துவிட்டார்.
"பீப்பாயின் அடியில் கையை விடு.
மேலே இருப்பதெல்லாம் நான் அடுக்கிவைத்தது."

நர்ஸ் போர்வையை விலக்கினாள்.
குதிகாலில் காசளவு சிவப்பு.
நான் தொடக்கூடாது; பார்க்கலாம்.
அவள் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள்.
வெளுத்தது. பிறகு மெல்லச் சிவந்தது.
வெளுத்தால் இன்னும் நேரம் இருக்கிறது.
வெளுக்காவிட்டால்
தோலுக்கு அடியில் வேலை தொடங்கிவிட்டது.
"என்ன தரம் போடுவாய்?"
"இன்னும் பார்க்கவேண்டும்" என்றேன்.
"விலையைக் குறைக்க எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்."

கட்டில் காலில் தொங்கியது
இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்த கணக்கு.
பத்து, இடப்பக்கம், டி.பி.
பன்னிரண்டு, மல்லாக்க, டி.பி.
இரண்டு, வலப்பக்கம், டி.பி.
நான்கு, மறுபடி இடப்பக்கம், டி.பி.
சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.
பதினொன்று பத்து.

டார்லின் பெல்கியைத் துணி அறையில் கண்டேன்,
நின்றபடியே பிஸ்கட் தின்றுகொண்டு.
பனி என்று இரண்டு பேர் வரவில்லை.
இரட்டை ஷிஃப்ட். இருபத்திமூன்று உடல்கள்.
மறுக்கவில்லை அவள்.
"எழுத நேரம் கிடைக்கும்போது எழுதிவிடுகிறேன்.
செய்ய நேரம் கிடைக்கும்போது செய்துவிடுகிறேன்.
இரண்டும் ஒரே நேரத்தில் கிடைத்ததில்லை."
விரலில் ஒட்டிய துணுக்கையும் நக்கிவிட்டுப் போனாள்.

மூன்று ஐம்பதுக்குத் தாழ்வாரத்தில்
மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.
ஜன்னலில் அதற்குள் இருட்டு.
நான்கு ஏழுக்கு அவள் வந்தாள்.
தலையணையை முழங்கால்களுக்கிடையே செருகி,
"ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணி,
கிழவரை இடப்பக்கம் புரட்டினாள்.
குதிகால் காற்றில் நின்றது, எதையும் தொடாமல்.
பொய்யாக எழுதியது மெய்யாகிவிட்டது, ஏழு நிமிடம் தாமதமாக.
என் படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

பேனாவை மூடியிருப்பேன்.
அடுத்த அறையில் எர்மலீன் டியூபே.
அவள் தாளிலும் நான்கு மணி, அதே டி.பி., அதே மை.
நாலரை.
நாலே முக்கால்.
எங்கோ யாரோ விழுந்த சத்தம், ஓடும் ரப்பர் காலடிகள்,
அவற்றுள் டார்லினுடையவையும் இருந்திருக்கும்.
ஐந்து.
எர்மலீன் பேசுவதை நிறுத்திப் பல மாதங்கள்.
மல்லாக்கக் கிடந்து
கூரையில் எதையோ படித்துக்கொண்டிருந்தாள்.

என் கைகள் வலுவானவை.
முன்பு பதினொரு வருடம் இதே வேலை பார்த்த கைகள்.
சட்டப்படி அவை கோப்பைப் பிடித்திருக்கவேண்டும்.

அவளுக்காக அழைப்புமணியை நானே அழுத்தினேன்.
கதவுக்கு மேல் வெள்ளை விளக்கு எரிந்தது.
ஐந்து இரண்டு என்று எழுதினேன்.
பக்கத்தில் ஒரு கோடு இழுத்து,
வருகிறவரின் நேரத்துக்கு
இடம் விட்டேன்.